சீசன் முடிகிற நேரத்தில் திமிங்கலம் பார்க்கப் போகிறவர்களுக்கு

வள்ளியூர், நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் பல வீடுகளில் பிள்ளைகள் சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் இருக்கிறார்கள். பெற்றோர் மூன்று மாத விசாவில் போய்ப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். போவது பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில். அங்கே குளிர் விட்டு வசந்தம் தொடங்கும் நேரம் அது. திமிங்கலம் பார்க்கப் படகில் கூட்டிக்கொண்டு போவதும் அந்தப் பயணத்தில் சேர்ந்துவிடுகிறது. நான் கால்நடை மருத்துவர் என்பதால், ஊர் திரும்பியதும் மாட்டுக்கு மருந்து வாங்க வருகிறவர்கள் போனை நீட்டி அந்த வீடியோக்களையும் காட்டுவார்கள். "தாயும் குட்டியும் போட்டுக்குப் பக்கத்துலயே வந்துட்டுலா, டாக்டரய்யா" என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சி எனக்கும் உண்டு. ஆனால் அந்த வீடியோக்கள் சிலவற்றில் நான் வேறொன்றையும் பார்க்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஹம்பேக் என்று சொல்கிற கூன்முதுகுத் திமிங்கலங்கள் அண்டார்டிக் கடலில் இரை தின்று கொழுத்து, மே மாதம் தொடங்கி ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரமாக வடக்கே வெப்பமான கடலுக்குப் போகின்றன. அங்கே குட்டி ஈன்று, இணை சேர்ந்து, செப்டம்பர் முதல் நவம்பர் வரை தெற்கே திரும்புகின்றன. புதிதாகக் கருவுற்ற பெண் திமிங்கலங்கள் முதலில் கிளம்பிவிடும். குட்டி ஈன்ற தாய்கள்தான் கடைசி. குட்டிக்கு உடம்பில் கொழுப்பு ஏற வேண்டும், நீந்தப் பழக வேண்டும். அதனால் அவை மெதுவாக, கரையை ஒட்டி, ஹெர்வி விரிகுடா, ஜெர்விஸ் விரிகுடா மாதிரி அலை குறைந்த இடங்களில் தங்கித் தங்கிப் போகும். ஆக, சீசன் கடைசியில் படகில் போகிறவர் பார்ப்பது பெரும்பாலும் பால் கொடுக்கும் தாயையும் பால்குடிக் குட்டியையும்தான்.

பிறக்கும்போதே அந்தக் குட்டி நாலு மீட்டருக்கு மேல் நீளம், ஏறக்குறைய ஒரு டன் எடை. பசும்பாலில் நூற்றுக்கு 4 பங்கு அளவில் இருக்கும் கொழுப்பு, திமிங்கலப் பாலில் 40 பங்கை ஒட்டி இருக்கும். இவ்வளவையும் தாய் கொடுப்பது பெரும்பாலும் பட்டினி கிடந்துதான். அண்டார்டிக்கில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துத்தான் பால் ஊறுகிறது. திரும்பிப் போய்ச் சேரும் வரை அந்தச் சேமிப்பு தாங்க வேண்டும். அதனால் தாய் ஓய்வாகக் கிடக்கிற ஒவ்வொரு மணி நேரமும் குட்டிக்குப் போகிற பால்.

சிகிச்சைக்கு வரும் மாட்டைத் தொடுவதற்கு முன்பு, நான் கொஞ்சம் தள்ளி நின்று விலா ஏறி இறங்குவதை எண்ணுவேன். ஊசியோடு கிட்டே போய்விட்டால் மூச்சு கூடிவிடும். அதற்கப்புறம் எண்ணினால் நோயால் கூடியது எவ்வளவு, என்னைப் பார்த்துக் கூடியது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. கன்று ஈன்ற பசுவின் தொழுவத்தில் அந்நியர் கூடினாலோ நாய் புகுந்தாலோ மடியில் பால் இருந்தும் சுரப்பு விடாது. இது மாடு வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். பாலை இறக்கிவிடும் ஆக்சிடோசினை, பயத்தில் ஊறும் அட்ரினலின் தடுத்துவிடுகிறது. திமிங்கலமும் பாலூட்டிதான். அதனால் திமிங்கல வீடியோவிலும் என் கண் முதலில் மூச்சைத்தான் தேடும்: தாய் எத்தனை நொடிக்கு ஒருமுறை நீர்ப்புகையை ஊதுகிறது, படகு நெருங்க நெருங்க அந்த இடைவெளி குறைகிறதா என்று.

மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஓய்வெடுக்கும் தாய்-குட்டி ஜோடிகளிலிருந்து 100 மீட்டர் தள்ளிப் படகை வைத்து, தண்ணீருக்கடியில் ஒலிபெருக்கி வைத்துப் படகு இன்ஜின் சத்தத்தை வெவ்வேறு அளவில் ஒலிக்கவிட்டார்கள். என்ன நடக்கிறது என்பதை மேலிருந்து ட்ரோன் படம் பிடித்தது. 2020-ல் வந்த முடிவு இது: சத்தம் அதிகமாக இருந்தபோது தாய் ஓய்வெடுக்கும் நேரம் 30 சதவீதம் குறைந்தது, மூச்சு இரண்டு மடங்கானது, நீந்தும் வேகம் 37 சதவீதம் கூடியது. இத்தனைக்கும் படகு நெருங்கவே இல்லை, வெறும் சத்தம்தான். இந்தத் திமிங்கலத் தாயும் குட்டியும் மிகத் தாழ்ந்த ஒலியில்தான் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும். கொலைகாரத் திமிங்கலங்களின் காதில் விழாமல் இருக்க அப்படிச் செய்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்ஜின் இரைச்சலில் அந்தக் கூப்பிடலும் அமுங்கிப்போகும்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் திமிங்கலத்துக்கு 100 மீட்டருக்குள் படகு போகக் கூடாது. குட்டி இருந்தால் 300 மீட்டர். ட்ரோனுக்கும் தூரக் கட்டுப்பாடு உண்டு. திமிங்கலம் தானாகப் படகை நோக்கி வந்தால் கியரை எடுத்துவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். அப்படி வந்தால் அது அதனுடைய விருப்பம், அதில் தவறே இல்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், காசு கொடுத்துவிட்டோமே, இன்னும் கொஞ்சம் கிட்டே போகக் கூடாதா என்று பயணிகள் படகோட்டியை நெருக்கும்போதுதான். கடைசி வாரங்களில் திமிங்கலங்களும் குறைந்துவிடுவதால், கண்ணில் படுகிற ஒரே ஜோடியின் பின்னால் படகுகள் போக ஆரம்பிக்கும்.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். புல் ஃபிரேம் (36 மி.மீ. அகல சென்சார்) கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் போட்டு 300 மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால், படத்துக்குள் 27 மீட்டர் அகலக் கடல் விழும். வளர்ந்த திமிங்கலம் 13 முதல் 16 மீட்டர். அதாவது படத்தில் ஏறக்குறைய பாதி அல்லது அதற்கு மேல் அதன் உடம்பு, பக்கத்தில் குட்டிக்கும் இடம். அது தண்ணீரைவிட்டு எம்பினாலும் முழுசாக உள்ளே அடங்கும். அதே லென்ஸோடு 100 மீட்டருக்கு வந்தால் 9 மீட்டர்தான் விழும், வாலோ தலையோ வெட்டுப்படும். நான் பார்த்த படங்களில் மிகக் கிட்டே எடுத்தவை பெரும்பாலும் ஈரமான கறுப்பு முதுகுத் துண்டுகள்தான். தாயும் குட்டியும் ஒன்றாக, பின்னால் கரையும் தெரிகிற மாதிரி அமைந்த நல்ல படங்கள் எல்லாம் தள்ளி நின்று எடுத்தவை. ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்குக் குறையாமல் வையுங்கள். முக்காலி வேண்டாம், படகின் ஆட்டம் அதன் வழியாக அப்படியே கேமராவுக்கு ஏறும். போன் மட்டும் இருக்கிறவர்கள் வீடியோ எடுத்துவிட்டு, மீதி நேரம் கண்ணால் பார்ப்பதே மேல்.

படகுப் பயணத்துக்கு முன்பதிவு செய்யும்போது பிள்ளைகளிடம் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள்: குட்டியோடு இருந்தால் எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள், ஒரு ஜோடியிடம் எவ்வளவு நேரம் நிற்பீர்கள்? நல்ல படகுக்காரர் இதற்குத் தயங்காமல் பதில் சொல்வார். படகில் ஏறியபின் தாய் அடிக்கடி திசை மாற்றினாலும், படகுக்கும் குட்டிக்கும் நடுவில் வந்து நின்றாலும், மூச்சு அடுத்தடுத்து வந்தாலும் "போதும், தள்ளிப் போகலாம்" என்று முதலில் சொல்கிறவர் நீங்களாக இருங்கள். அப்புறம், வாந்தி மாத்திரை விஷயத்தை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்குச் சில மாத்திரைகள் தலைசுற்றலும் தூக்கமும் கொடுக்கும்.

இதெல்லாம் தூர தேசத்துக் கதை, நம் கரைக்கு என்ன சம்பந்தம் என்று உவரியில் ஒருவர் கேட்டார். சம்பந்தம் இருக்கிறது. அரபிக்கடலில் ஒரு கூன்முதுகுத் திமிங்கலக் கூட்டம் அண்டார்டிக் பக்கமே போகாமல் வருஷம் முழுக்க இங்கேயே வாழ்கிறது. 1966-ல் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அதில் 200-க்கும் மேற்பட்டவற்றைக் கொன்றன. இன்று ஓமன் கரையில் நூற்றுக்கும் குறைவாகத்தான் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். 2017-ல் அங்கே செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட லூபன் என்ற பெண் திமிங்கலம் கடலைக் குறுக்காகக் கடந்து கோவா வந்து, கேரளக் கரையோரமாகத் தெற்கே நம் தென்முனை வரை இறங்கி, மறுபடி ஓமனுக்கே போனது. ஆஸ்திரேலியக் கடலில் எண்ணிக்கை ஏறக்குறைய 40,000-ஐ எட்டிவிட்டது என்பதால், 2022-ல் அந்நாடு ஹம்பேக்கை ஆபத்துப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. நம் பக்கத்துக் கூட்டத்துக்கு ஒரு குட்டி போனாலும் பெரிய இழப்பு.

2016 ஜனவரியில் மணப்பாடு, கல்லாமொழி, ஆலந்தலைக் கரைகளில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியபோது நானும் போயிருந்தேன். தூத்துக்குடி நம் திருநெல்வேலி மாவட்டத்தோடு இருந்த காலத்தில், 1973-லும் இப்படி நடந்திருக்கிறது. மீனவர்கள் படகைக் கொண்டுவந்து இழுத்து, ராத்திரி பகலாகப் பாடுபட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் சுற்றி நின்று படம் எடுத்த கூட்டத்துக்கு நடுவே அந்த உயிர்கள் திணறி மூச்சு விட்டதை மறக்க முடியவில்லை. கரையில் கிடக்கும் திமிங்கலத்துக்கு அதன் எடையே நுரையீரலை அழுத்தும், தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பால் உடம்புச் சூடும் ஏறும். அப்படி ஒன்றைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். மூச்சுத் துளையில் தண்ணீர் படாமல் உடம்பை நனைத்து வையுங்கள், வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். பைபர் படகில் போகும்போது கடலில் கண்டால் இன்ஜினைக் குறைத்து விலகிப் போங்கள். நம் சட்டத்தில் திமிங்கலங்களும் புலியைப் போலவே முதல் அட்டவணையில் இருக்கின்றன.

ஆஸ்திரேலியா போய் வருகிறவர்களிடம் இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். திமிங்கலம் முதுகை நன்றாக வளைத்தால் ஆழத்துக்குப் போகிறது என்று பொருள், அப்போது வால் மேலே வரும். பின்பக்கமிருந்து அதன் அடிப்பக்கத்தை எடுங்கள். அந்தக் கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் தனி. படத்தைத் தேதியோடும் இடத்தோடும் ஹேப்பிவேல் தளத்தில் ஏற்றினால், ஏற்கெனவே பதிவான வால்களோடு ஒப்பிட்டு எது என்று சொல்வார்கள். பின்னொரு நாள் வேறு யாராவது அதே திமிங்கலத்தைப் படம் எடுத்து ஏற்றினால் உங்களுக்கும் தகவல் வரும்.