சாரத்தை யார் கட்டிவிடுவது?

பக்கவாதம் வந்து வீடு திரும்பிய ஒருவரைப் பார்க்க, தொழில்வழிச் சிகிச்சையாளராகத் திருகோணமலைத் திருக்கடலூருக்குப் போயிருந்தேன். நாற்பது வருடம் கடலுக்குப் போய்வந்தவர். வலது கை விழுந்துவிட்டது. கால் ஓரளவு தேறி, தடியை ஊன்றி முற்றம் வரை நடக்கிறார். வைத்தியசாலைக் கடிதத்தில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதியிருந்தது. அவரோ சுவரைப் பார்த்தபடியே இருந்தார். என்ன கஷ்டம் ஐயா என்று கேட்டதற்கு நெடுநேரம் பதில் இல்லை. மனைவி தேநீர் போட உள்ளே போன பிறகுதான் வாய் திறந்தார். "மிஸ், சாரத்தை அவள்தான் கட்டிவிடுகிறாள். மருமகன் பார்த்துக்கொண்டு நிற்கிறான்."

சாரத்தைச் சுற்றி, மடித்து, முடிச்சு இறுக்க இரண்டு கை வேண்டும். ஒரு கையால் அது நிற்காது. அவருடைய பழைய சாரம் ஒன்றின் இடுப்புப் பக்கத்தில் பட்டி மடித்து, உள்ளே இலாஸ்டிக் வைத்துத் தைக்கச் சொன்னேன். கட்டில் ஓரத்தில் இருந்தபடி பலவீனமான காலை முதலில் நுழைத்து, பிறகு நல்ல காலை நுழைத்து, தொடை வரை இழுத்துக்கொள்வது. அதன்பின் சுவரோடு சாய்ந்து எழுந்து நின்று, இடக்கையால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மேலே இழுப்பது. மூன்று முறை போய்ப் பழக்கினேன். நான்காவது முறை போனபோது வாசலில் கதிரை போட்டு இருந்தார். சேட்டும் தானே போட்டதாகச் சொன்னார். போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். இந்த ஒரு விதி தெரியாமல் எத்தனையோ வீடுகளில் நோயாளியின் தோளைப் பிடித்து இழுத்து வலியை உண்டாக்குகிறார்கள்.

இதெல்லாம் சிகிச்சையா என்று என்னிடம் நேரிலேயே கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஆம், தொழில்வழிச் சிகிச்சை என்பது இதுதான். பெயரைக் கேட்டுவிட்டு, "எங்கள் பிள்ளைக்கு ஒரு வேலை எடுத்துத் தருவீர்களா?" என்று வருகிறவர்களும் உண்டு. இங்கே தொழில் என்பது சம்பளத்துக்குச் செய்யும் வேலை மட்டும் இல்லை. குளிப்பது, உடுப்பது, சோறு பிசைந்து உண்பது, பள்ளிக்கூடம் போவது, விளையாடுவது, கிழிந்த வலையைப் பொத்துவது, கும்பிடப் போவது என்று ஒரு மனிதரின் நாளை நிறைக்கிற அத்தனையும் தொழில்தான். நோயோ விபத்தோ அவற்றில் எதைப் பறித்துக்கொண்டது என்று பார்த்து, அதைத் திரும்பச் செய்ய வழி தேடுவது எங்கள் பணி. உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சம்மேளனம் 1952இல் உருவானது. ஒக்டோபர் 27ஐ எங்களுக்கான நாளாக உலகம் முழுவதும் வைத்திருக்கிறார்கள். இருந்தும் திருகோணமலையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, நான் யார் என்பதை விளக்கிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

வாட்டில் தரை சமம். கழிப்பறைக்குள் கைபிடி இருக்கும். அங்கே நன்றாக நடந்தவர் வீட்டுக்குப் போன ஒரு கிழமையில் படுத்துவிடுகிறார். காரணம் அறிய வீட்டைத்தான் பார்க்கவேண்டும். கழிப்பறை வளவின் பின்மூலையில் இருக்கும், அதுவும் குந்தியிருக்கிற வகை. கிணற்றடியில் பாசி பிடித்திருக்கும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் போனால் வாசலிலிருந்தே மணல். ஈச்சிலம்பற்றிலிருந்து ஒருவரைக் கிளினிக்குக்கு வரவழைத்தால் அவருக்கும் கூட வருபவருக்கும் ஒரு நாள் போய்விடும், ஆனால் அவர் எந்தப் படியில் தடுக்கி விழுகிறார் என்பது எனக்குத் தெரியவராது. இந்தச் சேவை சமூக மட்டத்தில், வீட்டுக்குள் நடக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சக்கர நாற்காலி விஷயத்தில் எனக்குப் பெரிய ஆதங்கம் உண்டு. போரும் 2004இன் ஆழிப்பேரலையும் கடந்துவந்த மாவட்டம் இது. நாற்காலி கொடுக்க நல்ல மனம் படைத்தவர்கள் பலர் முன்வருகிறார்கள். அளவெடுக்கத்தான் ஆள் வருவதில்லை. பெரியவர்களுக்கான நாற்காலியில் எட்டு வயதுப் பிள்ளை ஒரு பக்கம் சரிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். முள்ளந்தண்டு வளைவதற்கு அது போதும். கழிப்பறைக் கதவுக்குள் நுழையாத நாற்காலிகளும் நிறைய உண்டு. ஒரு வீட்டில் அரை அடி உயர வாசற்படிக்கு இரண்டடி நீளத்தில் சீமெந்துச் சாய்தளம் போட்டிருந்தார்கள். ஏற முயன்ற முதல் நாளே நாற்காலி பின்பக்கமாகக் கவிழ்ந்துவிட்டது. ஓரங்குல உயரத்துக்கு பன்னிரண்டு அங்குல நீளம் என்பதே கணக்கு. அரை அடிப் படிக்கு ஆறடி நீளம் வேண்டும். மேசனுக்கு யாராவது அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தம்பியின் தலையில் தையல் போடவேண்டி வந்திருக்காது. நாற்காலியில் நாள் முழுவதும் இருப்பவர் இடைக்கிடை கைகளை ஊன்றி உடலைத் தூக்கவோ பக்கம் சாயவோ பழகவேண்டும். உணர்வில்லாத உடம்பில் படுக்கைப்புண் வலிக்காமலே ஆழமாகப் போய்விடும்.

அன்பைப் பற்றியும் எழுதியாகவேண்டும். கிண்ணியாவில் ஒரு உம்மம்மாவைப் பேத்திமார் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார்கள். ஊட்டினார்கள், கழுவினார்கள், தலை வாரினார்கள். மூன்று மாதத்தில் அவருடைய நல்ல கையும் சோர்ந்துபோயிருந்தது. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நோயாளிக்கு எல்லாவற்றையும் நாமே செய்துகொடுத்தால், மிச்சமிருக்கும் பலமும் அவரை விட்டுப் போய்விடுகிறது. "உங்களுக்கு என்ன செய்ய ஆசை உம்மா?" என்று கேட்டேன். "வுழூவை நானே செய்யவேண்டும் மகள்" என்றார். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவதுதான் வுழூ. குழாயடியில் வழுக்காத கதிரை ஒன்று, பக்கத்துச் சுவரில் ஒரு கைபிடி, திருகத் தேவையில்லாத, தட்டினாலே திறக்கும் குழாய். அவ்வளவு மாற்றத்தோடு அவரால் முடிந்தது. பிறகு சமையலுக்கு ஆசைப்பட்டார். தடித்த பலகையில் துருப்பிடிக்காத இரண்டு ஆணியைக் கூர் மேலே தெரியும்படி அடித்து, அடியில் ஈரத்துணியை விரித்துக் கொடுத்தோம். கத்தரிக்காயை ஆணியில் குத்தி நிறுத்தினால் ஒரு கையால் வெட்டலாம். முதல் நாள் இரண்டு கத்தரிக்காய்க்கு அரை மணித்தியாலம் எடுத்தது. பேத்தி இரண்டு தடவை கத்தியை வாங்க எழுந்தாள், நான்தான் அவளை இருத்தினேன்.

பிள்ளைகள் விஷயத்தில் தாமதம் இன்னும் பொல்லாதது. தம்பலகாமம் பக்கம் மூளை முடக்குவாதம் உள்ள நான்கு வயது மகனை மடியில் படுக்கவைத்துத் தாய் ஊட்டிவந்தார். ஒவ்வொரு வாய்க்கும் இருமல், அடிக்கடி நெஞ்சுச் சளி. கவனித்து எங்களுக்கு அனுப்பியவர் அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். தச்சு வேலை தெரிந்த மாமா, நாங்கள் சொன்ன அளவில் முதுகும் இரண்டு பக்கமும் தாங்குகிற மூலைக் கதிரை செய்துகொடுத்தார். நிமிர்ந்து இருத்தி, நாடி சற்றுக் கீழே வரும்படி தலையைத் தாங்கி, சிறிய கரண்டியால் மெதுவாக ஊட்டி, விழுங்கிய பிறகே அடுத்த வாய். இருமல் குறைந்தது. நிமிர்ந்து இருந்தபோதுதான் அவன் முற்றத்துக் கோழிகளைக் கண்ணால் துரத்துவதை அந்த வீடு முதன்முதலாகப் பார்த்தது.

மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களிடமும் எங்களுக்கு வேலை உண்டு. மருந்து ஒத்துக்கொண்ட பிறகும் காலையில் எழும்ப ஒரு காரணம் இல்லாமல் படுத்தே கிடப்பவர்களோடு, பல் துலக்குவதில் தொடங்கி, கடைக்குப் போய் மிச்சக்காசு எண்ணி வாங்கிவருவது வரை ஒவ்வொரு படியாகப் போகிறோம். கடற்கரை ஊர்களில் வலை பொத்துவது நல்ல ஆரம்பம். பத்துக் கண்ணி பொத்திவிட்டு எழுந்துவிடலாம், நாளைக்கு இருபது.

வாட்டிலிருந்து துண்டு வெட்டும் முன்பே, தொழில்வழிச் சிகிச்சையாளரைப் பார்க்க முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்துவிட்டால் கிளினிக்கில் கடிதம் கேட்கலாம். பிள்ளை என்றால் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ சொல்லுங்கள். உபகரணங்களுக்கும் வீட்டில் செய்யவேண்டிய மாற்றங்களுக்கும் உதவி இருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். எங்களிடம் வரும்போது கழிப்பறைக் கதவின் அகலம், வாசற்படியின் உயரம், கட்டிலின் உயரம் மூன்றையும் அளந்து கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள். கைத்தொலைபேசியில் கிணற்றடியின் படம் ஒன்றும் எடுத்துவந்தால் பாதி வேலை அங்கேயே தொடங்கிவிடும்.