பல்பை வாங்குவதற்கு முன் கார் விளக்கின் கண்ணாடியைப் பாருங்கள்

"அண்ணே, இங்க ஓட்டுறப்போ ஒண்ணும் தெரியல. மலேசியாவுல யோங் பெங் பக்கம் போனாத்தான் முன்னாடி ரோடே கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது." காக்கி புக்கிட் பட்டறையில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சிங்கப்பூரில் எங்கே போனாலும் தெருவிளக்கு உண்டு. கார் விளக்கு மங்கிப்போனதை அதுவே மறைத்துவிடும். உட்லண்ட்ஸ் எல்லையைத் தாண்டி நெடுஞ்சாலை இருட்டுக்குள் நுழைந்த பிறகுதான் குட்டு வெளிப்படும்.

போன மாதம் வந்த தம்பி, சிஓஇ, அதாவது கார் வைத்திருப்பதற்கான உரிமச் சான்று, புதுப்பித்த 12 வருடக் காருக்கு இணையத்தில் எல்இடி பல்பு வாங்கி, எச்4 ரக ஹாலஜன் (இழை எரியும் பழைய வகை) விளக்கில் மாட்டியிருந்தார். சுவரில் அடித்துப் பார்த்தால் வெளிச்சம் கூரை வரை சிதறியது. எதிரே வருகிறவர்கள் ஹை பீம் அடித்துத் திட்டாமல் என்ன செய்வார்கள்? அந்த விளக்கின் பிரதிபலிப்பான், மெல்லிய இழை ஒன்று குறிப்பிட்ட இடத்தில் எரியும் என்ற கணக்கில் செய்தது. எல்இடி சில்லின் வடிவம் வேறு. காருக்கு முன்னால் பளிச்சென்று இருக்கும், ஆனால் தூரத்தில் இருட்டுதான். வாகனப் பரிசோதனையில் ஒளிக்கற்றையையும் பார்ப்பார்கள், அங்கேயும் மாட்டிக்கொள்வார்.

அதைக் கழற்றிவிட்டு விளக்கின் முன்கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடி என்கிறோமே தவிர அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக், நம் ஊர் வெயிலில் மஞ்சளாகிவிடும். 800, 1500, 2000 எண் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு அடித்தோம். பூச்சு அடிக்காவிட்டால் சில மாதத்தில் பழைய கதைதான். டூத்பேஸ்ட் வைத்தியம் வேண்டாம்!

அப்புறம் வோல்ட் மீட்டர். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட், பல்பு சாக்கெட்டில் 12.2. எர்த் இணைப்பில், அதாவது விளக்கின் வயர் கார் உடம்போடு சேரும் இடத்தில், துரு. ஹாலஜனில் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். துருவைச் சுரண்டியதற்கு ஆன செலவு என் பத்து நிமிடம்.

அதற்குப் பிறகுதான் பல்பு: அதே 60/55 வாட் (ஹை பீம்/லோ பீம்), இரண்டும் சேர்த்துப் புதிதாக. நீலச் சாயம் பூசிய பல்பு பார்க்க ஸ்டைல், ஆனால் அந்தச் சாயமே வெளிச்சத்தைத் தின்றுவிடும். கூடுதல் வெளிச்சம் தரும் ரகம் நல்லதுதான், ஆயுள் குறைவு. எதுவானாலும் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள், எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறி வெடிக்கலாம்.

கடைசியாக உயரம். டயரில் சரியான காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஆள், சுவரிலிருந்து 10 மீட்டர். லோ பீமின் மேல் விளிம்பு, விளக்கின் நடுப்புள்ளிக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் இடது ஓரம் மட்டும் சற்று மேலேறும். ஸ்க்ரூவைத் திருப்பும் முன், டேஷ்போர்டில் விளக்கு உயரக் குமிழைப் பார்த்தேன். 3-ல் நின்றது. பூட் நிறைய சாமான் ஏற்றும்போது விளக்கைத் தாழ்த்த வைக்கும் அளவு அது. காலிக் காருக்கு 0 போதும்.

"இது எதுக்குண்ணே?" என்றார் தம்பி. "கார் வாங்குனப்பவே 3-லதான் இருந்துச்சு."