ஆஸ்டெரிட்டி: சிக்கனமா, செலவொடுக்கமா?

2012 பிப்ரவரியில் கிரீஸ் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 751 யூரோவிலிருந்து 586 யூரோவாக இறங்கியது. ஒரே வெட்டில் 22 சதவீதம். வேலைக்குப் போகிறவருக்கு 25 வயது நிரம்பவில்லை என்றால் இன்னும் மோசம், 32 சதவீதம் போனது. வீட்டு வாடகையோ பால் விலையோ அந்த அளவுக்கு இறங்கவில்லை. கடனில் சிக்கிய அரசு இப்படிச் செலவை வெட்டி, வரியைக் கூட்டும் கொள்கைக்கு ஆங்கிலத்தில் 'ஆஸ்டெரிட்டி' என்று பெயர். தமிழில் நாம் 'சிக்கன நடவடிக்கை' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். நானும் பல தடவை அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அது தவறு என்று இப்போது உறுதியாகப் படுகிறது. ஏன் என்று சொல்ல, சொல்லின் வேரிலிருந்து தொடங்க வேண்டும்.

வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'ஔஸ்டேரோஸ்' என்றால் நாக்கை உலர்த்துவது, சொரசொரப்பாக்குவது. இனிப்பில்லாத, வாயை இழுத்துப் பிடிக்கிற திராட்சை ரசத்தை அப்படிச் சொன்னார்கள். பச்சை வாழைக்காயைக் கடித்தால் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் ஒட்டிக்கொள்கிறதே, அதுதான். நம் அறுசுவைக் கணக்கில் இதற்குச் சரியான பெயர் உண்டு: துவர்ப்பு. சுவையைக் குறித்த சொல் பிறகு ஆளின் குணத்துக்கு மாறியது. முகம் கொடுக்காத, கண்டிப்பான, இரக்கம் காட்டாத ஆளை ஔஸ்டேரோஸ் என்றார்கள்.

பைபிளில் லூக்கா 19-ம் அதிகாரத்தில் இந்தச் சொல் வருகிற இடம் வியப்பானது. எஜமான் ஊருக்குப் போகுமுன் ஊழியர்களிடம் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். திரும்பி வந்து கணக்குக் கேட்கும்போது ஓர் ஊழியன், நீர் விதைக்காததை அறுக்கிறவர் என்று தெரிந்து பயந்து, பணத்தை அப்படியே முடிந்து வைத்திருந்தேன் என்கிறான். எஜமானைப் பற்றி அவன் சொல்கிற சொல் மூலத்தில் 'ஔஸ்டேரோஸ்'. தமிழ் பைபிளில் அது 'கடினமுள்ள மனுஷன்'. வட்டி வரும்படி அதை ஏன் போட்டு வைக்கவில்லை என்று எஜமான் அவனைக் கேட்கிறார். கடன் கொடுத்தவர் முன்னால் கைகட்டி நிற்கிறவனின் வாயிலிருந்து வருகிற சொல் இது. பழைய மொழிபெயர்ப்பாளர் இதில் சிக்கனத்தைப் பார்க்கவில்லை, கடினத்தைத்தான் பார்த்தார்.

லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அதில் துறவிகளின் வாழ்க்கை வாசனை ஏறியது. பொருளாதாரத்துக்குள் அது நன்றாக ஊன்றியது இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டனில். துணியை மிச்சம் பிடிக்க 1942-ல் பேண்ட்டின் கால் மடிப்புக்கே தடை போட்டார்கள். போர் முடிந்த பிறகும், 1946 முதல் 1948 வரை, ரொட்டிக்கு ரேஷன் இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் வேலை கிடைத்தது. பணக்காரருக்கும் ரேஷன் அட்டைதான். 1948-ல் எல்லோருக்கும் இலவச மருத்துவமும் வந்தது. கஷ்டம் பொதுவாக இருந்தது. 2010-ல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி இதே சொல்லை ஆண்டின் சொல்லாக அறிவித்தபோது அதன் பொருள் வேறாகிவிட்டிருந்தது.

2009 அக்டோபரில் கிரீஸில் புதிதாக வந்த அரசு, பட்ஜெட் பற்றாக்குறை முன்பு சொன்னதைவிடப் பல மடங்கு பெரியது என்று ஒப்புக்கொண்டது. கடைசிக் கணக்கில் அது நாட்டு உற்பத்தியில் 15 சதவீதத்தைத் தாண்டியது. கடன் கொடுத்தவர்கள் பயந்து வட்டியை ஏற்றினார்கள். நாட்டுக்கென்று தனி நாணயம் இருந்திருந்தால் அதன் மதிப்பைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம். யூரோ பல நாடுகளின் பொது நாணயம், அதில் அந்த வழி இல்லை. 2010 மே மாதம் ஐரோப்பிய நாடுகளும் சர்வதேச நாணய நிதியமும் 110 பில்லியன் யூரோ கடன் தர ஒப்புக்கொண்டன. நாம் இதை 'மீட்பு நிதி' என்று எழுதினோம். அதுவும் பாதிதான் உண்மை. அது கடன், அதில் பெரும்பகுதி முன்பு கடன் கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போனது. பதிலுக்கு என்னென்ன வெட்ட வேண்டும் என்ற பட்டியலோடு ஓர் ஒப்பந்தம் வந்தது. கிரேக்க மக்கள் அதை 'ம்னிமோனியோ' என்றார்கள், நம் 'புரிந்துணர்வு ஒப்பந்தம்' மாதிரி அலுவலகச் சொல்தான். ஆனால் டீக்கடைப் பேச்சு வரைக்கும் இறங்கி, காலத்தையே அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரிக்கிற சொல்லாகிவிட்டது.

ஆஸ்டெரிட்டிக்கு இன்றைய கிரேக்கத்தில் வழங்கும் சொல் 'லிதோதிதா', எளிமை என்று பொருள். வேர்ச்சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர்களின் அரசியல் பேச்சிலும் கொள்கைக்கு மென்மையான பெயர்தான் கிடைத்தது. மக்களோ வேறு சொல்லைத் தேடி எடுத்தார்கள். 2011-ல் வீடுகளுக்குப் புதிய சொத்துவரி போட்டு, அதை மின்கட்டண ரசீதோடு சேர்த்தே வசூலித்தார்கள். கட்டாவிட்டால் கரண்டைத் துண்டிப்போம் என்று எச்சரிக்கை. கதவிடுக்கில் கிடக்கும் கவரைப் பிரித்தால் விளக்குக்கும் ஃப்ரிட்ஜுக்கும் ஆன தொகையின் கீழே வீட்டின் சதுர மீட்டரை வைத்துப் போட்ட வரி. வேலை போனவர் வீட்டுக்கும் அதே கவர்தான் வந்தது. அதற்கு மக்கள் வைத்த பெயர் 'ஹராட்சி'. ஒட்டோமான் ஆட்சியில் கட்டிய வரியின் பெயர் அது, அரபியின் 'கராஜ்' என்பதிலிருந்து வந்தது. டெல்லி சுல்தான்கள் வாங்கிய நிலவரிக்கும் அதே பெயர். அந்நியர் வாங்கிய வரியின் பெயரைச் சொந்த அரசின் வரிக்குச் சூட்டினார்கள் என்றால், அதில் எவ்வளவு மனவேதனை இருந்திருக்கும்!

மற்றதெல்லாம் அடுத்தடுத்து வந்தது. அரசு ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கோடை விடுமுறைக்கென்று கிடைத்துவந்த கூடுதல் சம்பளம் படிப்படியாகக் காணாமல் போனது. வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு வரி ஏறியதால் 2012-13 குளிர்காலத்தில் ஏதென்ஸ்காரர்கள் கிடைத்த மரத்தை எரித்தார்கள், ஊர் முழுக்கப் புகை மூட்டம். 2013 ஜூன் 11 இரவு அரசுத் தொலைக்காட்சியை அப்படியே அணைத்தார்கள், இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. அந்த ஆண்டு வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியது. இளைஞர்களில் அது 60-ஐ நெருங்கியது. படித்தவர்கள் ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் கிளம்பினார்கள். மருத்துவம் படிக்க வைத்தது ஒரு நாடு, அந்த மருத்துவர் வேலை பார்த்தது இன்னொரு நாட்டில்.

2015 ஜூன் கடைசியில் வங்கிகளை மூடினார்கள். ஏ.டி.எம்மில் ஒரு நாளைக்கு 60 யூரோதான். இருபது யூரோ நோட்டு பல இயந்திரங்களில் தீர்ந்துபோனதால் 50 யூரோ நோட்டு ஒன்றுதான் கையில் வந்தது. ஏ.டி.எம் கார்டு வைத்திராத முதியவர்களுக்காகச் சில கிளைகளை மட்டும் திறந்து, பெயரின் முதல் எழுத்து வரிசைப்படி கூப்பிட்டு, வாரத்துக்கு 120 யூரோ எண்ணிக் கொடுத்தார்கள். நாற்பது வருஷம் உழைத்த காசுக்கு, தன் எழுத்து வரும் வரை வெயிலில் நிற்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு கடன் குறைந்ததா? 2009-ல் நாட்டு உற்பத்தியில் சுமார் 127 சதவீதமாக இருந்தது 2018-ல் 180-ஐத் தாண்டி நின்றது. காரணம் எளிது. என் செலவு இன்னொருவரின் வரவு. எல்லோருடைய செலவையும் ஒரே நேரத்தில் அமுக்கினால் எல்லோருடைய வரவும் சுருங்கும். நாட்டு உற்பத்தி ஏறக்குறைய கால் பங்கு கரைந்தது. செலவு வெட்டு பொருளாதாரத்தை எவ்வளவு தூரம் இழுத்துவிடும் என்பதைக் கணித்தவர்கள் குறைவாக மதிப்பிட்டுவிட்டார்கள் என்று, நாணய நிதியத்தின் தலைமைப் பொருளாதார அறிஞர் ஒலிவியே பிளாஞ்சார் 2013 ஜனவரியில் ஓர் ஆய்வுக் கட்டுரையிலேயே எழுதினார்.

சரி, தமிழுக்கு வருவோம். சிக்கனம் நல்ல சொல். 'சிக்கென' என்றால் இறுக என்று பொருள், அதனோடு உறவுள்ள சொல்லாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. கையை இறுக்கிப் பிடிக்கிறவர் நாம்தான், கையும் நம்முடையதுதான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மகளைப் படிக்க வைத்தாள் என்று ஓர் அம்மாவைப் பற்றிச் சொன்னால் அது பெருமை. அந்த வாயும் வயிறும் அவளுடையவை. இன்னொருவர் வயிற்றைக் கட்டுவதைச் சிக்கனம் என்று சொன்னால், கட்டுண்டவரைத்தான் ஊதாரி என்கிறோம்.

'செலவுக் குறைப்பு' பரவாயில்லை, ஆனால் வரி உயர்வு அதற்குள் அடங்காது. 'கெடுபிடி' உணர்ச்சியைச் சொல்கிறது, காசைச் சொல்லவில்லை. நான் தேர்வது 'செலவொடுக்கம்'. புலனொடுக்கம் என்கிறபோது துறவியின் கட்டுப்பாடு அதில் இருக்கிறது, ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளும் அதுதான். 'ஒடுங்கு' தானாகச் சுருங்குவது, 'ஒடுக்கு' மேலே இருப்பவர் அமுக்குவது. இரண்டுக்கும் ஒரே பெயர்ச்சொல் ஒடுக்கம். வரியைக் கூட்டினால் வீட்டுச் செலவு ஒடுங்குகிறது, மானியத்தை வெட்டினால் அரசின் செலவு ஒடுங்குகிறது. புழக்கத்திலும் சிரமமில்லை: 'செலவொடுக்கத்துக்கு எதிராக வேலைநிறுத்தம்', 'செலவொடுக்கத்தால் சுருங்கிய ஓய்வூதியம்'. சிக்கனம் என்ற சொல்லை வீட்டுக்கே விட்டுவிடலாம்.

கிரீஸின் மூன்றாவது கடன் திட்டம் 2018 ஆகஸ்ட் 20-ல் முடிந்தது. இளைஞர்களுக்கென்று வைத்திருந்த தனிக் குறைச்சல் சம்பளம் 2019-ல் ஒழிந்தது. குறைந்தபட்சச் சம்பளம் பழைய 751 யூரோவை மறுபடி தாண்டியது 2023 ஏப்ரலில், 780 யூரோவாக. 2012-ல் 24 வயதில் சம்பளம் குறைந்தவருக்கு அப்போது 35 வயது.