கீறலற்ற நரம்புத் தூண்டல்: ஒரு சொல் விளக்கம்

உடலைக் கீறாமலும் துளையிடாமலும், தோலின் மீதோ நாவின் மீதோ மின்முனைகளை வைத்து, அல்லது தலைக்கு வெளியே காந்தச் சுருளைப் பிடித்து, நரம்புகளைத் தூண்டும் சிகிச்சை முறைகள் அனைத்துக்கும் நான்-இன்வேசிவ் நியூரோஸ்டிமுலேஷன் என்பது பொதுப்பெயர். பக்கவாதம், மூளைக்காயம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்பிழைகளின் உறை சிதையும் நோய்) ஆகியவற்றால் நடையும் உடற்சமநிலையும் குலைந்தவர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சிகளோடு சேர்த்து இப்பெயர் அதிகம் பேசப்படுகிறது. தமிழில் இதை ‘ஊடுருவாத நரம்புத் தூண்டல்’ என்றும், அகராதியை மட்டும் நம்புகிறவர்கள் ‘ஆக்கிரமிப்பற்ற நரம்பியல் தூண்டுதல்’ என்றும் எழுதுகின்றனர். பின்னது நிலத்தகராறு ஒன்றின் தீர்ப்பைப் போல ஒலிக்கிறது. முன்னதிலும் ஒரு பிழை இருக்கிறது.

நியூரோ என்பதன் வேர் கிரேக்க மொழியின் ‘நியூரான்’. பழங்காலத்தில் அது தசைநாரையும் வில்லின் நாணையும் குறித்தது. மூளையிலிருந்து புறப்பட்டு உணர்வையும் இயக்கத்தையும் கடத்தும் இழைகளைத் தசைநாரிலிருந்து பிரித்தறிந்தவர்கள் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவில் இருந்த ஹெரோஃபிலஸ் முதலிய மருத்துவர்கள். தமிழின் ‘நரம்பு’ ஏறத்தாழ இதே வழியில் வந்திருப்பது வியப்புக்குரியது. அது யாழின் தந்தியைக் குறித்த சொல். தொல்காப்பியம் இசைநூலை ‘நரம்பின் மறை’ என்றே சுட்டுகிறது. அங்கே வில்லின் நாண், இங்கே யாழின் தந்தி. இரண்டும் இழுத்துக் கட்டப்பட்டு, தொட்டால் அதிர்பவை. ‘நரம்பெழுந்து உலறிய நிரம்பா மென்தோள்’ என்று புறநானூற்றின் 278ஆம் பாடல் முதியவளின் தோளைச் சொல்லும்போது, தோலின் மேல் புடைத்துத் தெரிவதற்கும் அதுவே பெயராகிறது. இந்தப் பொருள் பேச்சு வழக்கில் இன்றும் நீடிக்கிறது. ‘நரம்பில் ஊசி போடுவது’ என்று நாம் சொல்வது உண்மையில் சிரையில் போடுவதுதான். ஆகவே நரம்புத் தூண்டல் என்ற தொடரைக் கேட்கும் நோயாளி, இரத்தக் குழாயில் ஏதோ செய்யப்போகிறார்கள் என்று எண்ணிக்கொள்ள இடமுண்டு. மருத்துவர் ஒரு வாக்கியத்தில் இதைத் தெளிவுபடுத்துவது நல்லது.

ஸ்டிமுலேஷன் என்பதன் வேர் லத்தீனின் ‘ஸ்டிமுலஸ்’, அதாவது மாட்டை ஓட்டும் தார்க்குச்சி. குத்தி விரட்டுவதே அச்சொல்லின் மூலப்பொருள். தமிழின் ‘தூண்டு’ என்ற வினையோ விளக்கோடு பழகியது. திரியை மேலே தள்ளிவிடும் குச்சிக்குத் தூண்டுகோல் என்று பெயர். இந்தச் சிகிச்சைக்குத் தார்க்குச்சியைவிடத் தூண்டுகோலே பொருத்தமான உவமை என்று தோன்றுகிறது. எரியும் திரியைத்தான் தூண்ட முடியும். மின்துடிப்பு புதிய நரம்புப் பாதையை உண்டாக்கிக் கொடுப்பதில்லை. எஞ்சியிருக்கும் பாதைகளை விழிப்படையச் செய்து, அந்நேரத்தில் செய்யப்படும் பயிற்சியை மூளை நன்றாகப் பதித்துக்கொள்ள உதவ வேண்டும் என்பதே இதன் கருத்து. அனுபவத்துக்கேற்பத் தன் இணைப்புகளை மாற்றியமைக்கும் மூளையின் இந்த இயல்பை நரம்பிய நெகிழ்திறன் என்கிறோம்.

இயற்பியல் பாடத்தில் ‘தூண்டல்’ என்பது இன்னொரு பொருளில் வழங்குகிறது: மாறும் காந்தப்புலம் கடத்தியில் மின்னோட்டத்தை எழுப்புவது மின்காந்தத் தூண்டல். இதனால் குழப்பம் வரக்கூடும். ஆனால் 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் உடன் பணியாற்றியவர்களும் செய்து காட்டிய கபாலவழிக் காந்தத் தூண்டலில் இரு பொருள்களும் அடுத்தடுத்து நிகழ்கின்றன. சுருளின் காந்தப்புலம் மூளைத்திசுவில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் நரம்பணுக்களைத் தூண்டுகிறது.

‘இன்வேசிவ்’ என்பது உள்ளே புகுதல், படையெடுத்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையின் வழிவந்தது. இதற்கு ‘ஊடுருவாத’ என்று எழுதுவதில் உள்ள பிழை இதுதான்: கருவி உடலுக்குள் போவதில்லை, ஆனால் மின்னோட்டமும் காந்தப்புலமும் தோலையும் எலும்பையும் ஊடுருவியே செல்கின்றன, ஊடுருவாவிட்டால் சிகிச்சையே நடக்காது. தவிர்க்கப்படுவது கத்தியும் ஊசியுமே. 1987இல் பிரான்சின் கிரெனோபிளில் நரம்பு அறுவை மருத்துவர் பெனாபித் தொடங்கிவைத்த நவீன ஆழ்மூளைத் தூண்டலில், மண்டையோட்டில் துளையிட்டு மின்முனையை உள்ளே பதிக்க வேண்டும். அதிலிருந்து இதைப் பிரித்துக்காட்ட ‘கீறலற்ற’ என்பதே போதும். மருத்துவம் படிக்காதவருக்கும் உடனே விளங்கும்.

நியூரோமாடுலேஷன் என்ற சொல்லையும் இதற்கு இணையாகப் பயன்படுத்துகிறார்கள். மாடுலேஷன் என்பதற்கு வானொலி அலைகளுக்காக வகுத்த ‘பண்பேற்றம்’ நம்மிடம் உண்டு. நரம்புக்கு அதை ஏற்றுவதைவிட ‘நரம்புச் சீராக்கம்’ என்பது நன்று. தூண்டுவது செயல், சீராவது விளைவு என்று பிரித்து வைத்துக்கொண்டால் இரு சொற்களுக்கும் வேலை இருக்கும்.

இவ்வகையில் புதியது டிரான்ஸ்லிங்குவல் நியூரோஸ்டிமுலேஷன்; தமிழில் ‘நாவழி நரம்புத் தூண்டல்’. ஒரு புலனின் செய்தியை வேறொரு புலன் வழியே மூளைக்குக் கொண்டுசெல்லலாம் என்று 1969இல் காட்டிய நரம்பியலறிஞர் பால் பாக்-ஈ-ரீட்டாவின் ஆய்வு மரபில், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இது உருவாயிற்று. நாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் தெளிவானவை: அது எப்போதும் ஈரமாக இருக்கிறது, உமிழ்நீர் மின்சாரத்தைக் கடத்துகிறது, உணர்நரம்பு முனைகள் மேற்பரப்புக்கு மிக அருகில் அடர்ந்துள்ளன, எனவே மிகச் சிறிய மின்னழுத்தமே போதுமானது. நாவின் முன்பகுதியிலிருந்து முக்கிளை நரம்பும் முக நரம்பும், அதாவது ஐந்தாம், ஏழாம் கபால நரம்புகள், மூளைத்தண்டுக்குச் செய்தி கொண்டுசெல்கின்றன. சமநிலையைக் காக்கும் நரம்பு மையங்கள் அங்கேயே அருகில் இருக்கின்றன.

தூண்டல் தனியே நோயைத் தீர்க்கும் என்று இச்சொல்லைப் படித்துவிடக் கூடாது. 2019இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மூளைக்காயத்தால் வரும் சமநிலைக் குறைபாட்டுக்கு, நாவழித் தூண்டலுக்கான ‘பான்ஸ்’ என்ற கருவியை அனுமதிக்க மறுத்தது. சோதனையில் வலுவான தூண்டல் பெற்றவர்களும் மிக மெலிதான தூண்டல் பெற்றவர்களும் முன்னேற்றம் கண்டிருந்ததால், அந்த முன்னேற்றத்தில் பயிற்சியின் பங்கு எவ்வளவு, கருவியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய முடியவில்லை. 2021இல் அதே நிர்வாகம், இலேசானது முதல் மிதமானது வரையிலான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் அறிகுறிகளால் நடை பாதிக்கப்பட்ட, 22 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, மேற்பார்வையுடன் கூடிய உடற்பயிற்சிக்குத் துணையாக மட்டும், மருத்துவர் பரிந்துரையின்பேரில் இதை அனுமதித்தது. அந்த அனுமதியில் ‘துணையாக’ என்ற சொல்லை விட்டுவிட்டு எழுதப்படும் செய்திகள் நோயாளியைத் தவறான நம்பிக்கைக்குள் தள்ளும்.

அக்கருவியின் முழுப்பெயரான ‘போர்ட்டபிள் நியூரோமாடுலேஷன் ஸ்டிமுலேட்டர்’ என்பதன் சுருக்கமே ‘பான்ஸ்’. அது மூளைத்தண்டின் ஒரு பகுதிக்கும் பெயர். லத்தீனில் அதற்குப் பாலம் என்று பொருள். நாவிலிருந்து வரும் முக்கிளை நரம்பு மூளைத்தண்டுக்குள் நுழைவது அந்தப் பகுதியில்தான் என்பதால், தமிழில் எழுதும்போது கருவியைச் சொல்கிறோமா உறுப்பைச் சொல்கிறோமா என்று ஒவ்வொரு முறையும் குறிப்பிட்டாக வேண்டும்.