காற்றடிக்கிற மிஷின் ஏன் கொதிக்கிறது?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வீட்டில் ஒரு கார், ஒரு ஸ்கூட்டர், பிள்ளைகளுக்கு சைக்கிள் என்று எல்லாம் இருக்கிறது. பேட்டரியில் ஓடுகிற, கையில் தூக்கிப் போகிற காற்றடிக்கும் மிஷின் ஒன்று வாங்கலாமா? என் மச்சான் வாங்கியது இரண்டு டயருக்கு அடித்ததுமே கை வைக்க முடியாத சூடாகிவிடுகிறது. அது பழுதா, எல்லாமே அப்படித்தானா?"

எல்லாமே அப்படித்தான். சூடாகவில்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். உள்ளே காற்று அழுந்தவே இல்லை என்று அர்த்தம். வாங்கலாமா என்பதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: நம் பக்கத்தில் தாராளமாக வாங்கலாம். ராமநாதபுரம் மாவட்டம் முழுக்க சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதன் முள் டியூப்லெஸ் டயரையும் விடுவதில்லை. ராமேசுவரத்தைத் தாண்டி அரிச்சல்முனைப் பக்கம் போய்விட்டால் பஞ்சர் கடைக்கு எங்கே போவது? எதை வாங்குவது என்று முடிவுசெய்ய அந்தச் சூட்டைப் புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

உள்ளே பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. லித்தியம் அயனி பேட்டரி, ஒரு சின்ன மோட்டார், வேகத்தைக் குறைக்க ஒரு பல்சக்கரம், கட்டைவிரல் பருமனுக்கு ஒரு உலோக சிலிண்டர், அதற்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன். பிஸ்டன் இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே வரும். ஏறும்போது அந்தக் காற்று அழுந்தி, ஒருவழி வால்வைத் திறந்துகொண்டு டயருக்குப் போகும். பள்ளியில் படித்த சைக்கிள் பம்ப் படம்தான். அதைக் கையால் அடிப்பதற்குப் பதில் மோட்டார் அடிக்கிறது, அவ்வளவே.

அந்த ஒருவழி வால்வு சும்மா திறக்காது. டயருக்குள் இருக்கும் அழுத்தத்தை சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் மிஞ்சினால்தான் திறக்கும். காரின் டயரில் 33 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அழுத்தமானி காட்டுவது வளிமண்டலத்துக்கு மேலே எவ்வளவு என்பதை மட்டும்தான். வளிமண்டலத்தின் 14.7-ஐயும் சேர்த்தால் உண்மையில் கிட்டத்தட்ட 48. ஆக, ஒவ்வொரு அடியிலும் வெளிக்காற்றை மூன்றே கால் மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் டயருக்குள் ஏதாவது நுழையும். பிஸ்டன் தன் பாதையில் பாதிக்கு மேல் ஏறும் வரை ஒரு துளிக் காற்றுகூட வெளியே போவதில்லை.

இங்கேதான் சூடு பிறக்கிறது. பிஸ்டன் உரசுவதால்தான் சூடு என்று பலரும் நினைக்கிறார்கள். உரசலுக்கும் பங்கு உண்டு, ஆனால் அது சின்னப் பங்கு. வீட்டில் கைப் பம்ப் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். முதலில் டயரில் மாட்டாமல் வெறுமனே கொஞ்ச நேரம் வேகமாக அடியுங்கள். பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் பெரிதாக ஒன்றும் தெரியாது. அப்புறம் டயரில் மாட்டி அதே வேகத்தில் அதே அளவு நேரம் அடித்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள். அடிப்பகுதியும் ஹோஸ் ஆரம்பிக்கும் இடமும் நன்றாகச் சுடும். மேல் பாதி அவ்வளவாகச் சுடாது. இரண்டு தடவையும் பிஸ்டன் ஓடிய தூரம் ஒன்றுதான். உரசல்தான் காரணம் என்றால் இத்தனை வித்தியாசம் வருமா? காற்று எங்கே அழுந்துகிறதோ அங்கேதான் சுடுகிறது.

அழுந்தினால் ஏன் சுட வேண்டும்? எனக்கு இயற்பியலில் அலுக்கவே அலுக்காத விஷயம் இது. காற்றின் மூலக்கூறுகள் நம்மூர் வெப்பத்தில் சராசரியாக நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருக்கின்றன. சூடு என்று நாம் சொல்வது இந்தப் பாய்ச்சலின் அளவைத்தான். கிரிக்கெட் மட்டையை அசையாமல் பிடித்தால் பந்து ஏறக்குறைய வந்த வேகத்தில் திரும்பும். மட்டையை முன்னால் வீசி அடித்தால் வந்ததைவிட வேகமாகப் பறக்கும். மட்டையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து வாங்கினால் பந்து காலடியிலேயே செத்து விழும். ஏறி வரும் பிஸ்டன் முன்னால் வீசப்படும் மட்டை. அதில் மோதும் ஒவ்வொரு மூலக்கூறும் பிஸ்டனின் வேகத்தைப் போல இரண்டு மடங்கைக் கூடுதலாக வாங்கிக்கொண்டு திரும்புகிறது.

பிஸ்டனின் வேகம் மூலக்கூறின் வேகத்துக்கு முன்னால் நின்று பேசக்கூடியதே அல்ல. நொடிக்கு ஓரிரு மீட்டர் எங்கே, 500 மீட்டர் எங்கே? ஆனால் சிலிண்டர் குட்டையானது. பிஸ்டன் ஒரு தடவை மேலே ஏறி முடிப்பதற்குள் மூலக்கூறுகள் மீண்டும் மீண்டும் வந்து மோதுகின்றன. ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. சேர்ந்ததைத் தங்களுக்குள் இடித்துப் பகிர்ந்துகொள்கின்றன. 33 பி.எஸ்.ஐ. வால்வு திறக்கும் நேரத்தில் 500 சொச்சமாக இருந்த வேகம் 600-ஐத் தாண்டியிருக்கும். இவ்வளவுதானா என்று தோன்றலாம். வெப்பநிலை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சூடு வெளியே கசிய நேரமில்லை என்று வைத்துக் கணக்குப் போட்டால், 32 டிகிரி செல்சியஸில் உள்ளே போன காற்று சுமார் 154 டிகிரியில் வெளியே வர வேண்டும். சைக்கிளுக்கு 65 பி.எஸ்.ஐ. அடித்தால் 220 டிகிரி! நடைமுறையில் சிலிண்டர் சுவர் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்வதால் அவ்வளவு போகாது. உறிஞ்சிய அந்தச் சூடுதான் மச்சானின் கையைச் சுட்டது.

இதையே தலைகீழாகவும் பார்க்கலாம். டயர் வால்வின் ஊசியை நகத்தால் அழுத்திக் காற்றை வெளியே விட்டால் விரலில் சில்லென்று படும். பின்னுக்கு இழுத்த மட்டையின் கதைதான் அது.

இது வெறும் பம்ப் சமாச்சாரம் இல்லை. நியூட்டனையே தடுமாற வைத்தது. 1687-இல் வந்த தன் நூலில் அவர் ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டார். விடை உண்மையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவாக வந்தது. ஒலி என்பது காற்று அழுந்தி விரிந்து அழுந்தி விரிந்து போவது. அழுந்தும் இடத்தில் சூடேறும், அந்தச் சூடு கசிய நேரம் இருக்காது என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து லாப்லாஸ் என்ற பிரெஞ்சுக்காரர் அதைச் சேர்த்ததும் விடை கச்சிதமாகப் பொருந்தியது.

அவ்வளவு தூரம் போவானேன், ராமேசுவரம் துறையில் நிற்கும் விசைப்படகுகளைப் பாருங்கள். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு சுருக்கினால் அது பல நூறு டிகிரிக்குப் போய்விடும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். படகைக் கடலுக்கு இழுத்துப் போகிற அதே சங்கதிதான் உங்கள் கைக்குள் மிஷினைக் கொதிக்க வைக்கிறது.

சரி, கடைக்குப் போவோம். இந்தச் சூட்டினால் உங்களுக்கு இரண்டு நஷ்டம். ஒன்று, பேட்டரியின் ஆற்றலில் பெரும்பகுதி சூடாகவே போய்விடுகிறது. டயருக்குள் போன சூடான காற்றும் சற்று நேரத்தில் குளிர்ந்து அழுத்தம் குறையும். இரண்டு, சிலிண்டர் சூடாகிவிட்டால் உள்ளே வரும் காற்று அங்கேயே விரிந்துவிடும். ஒரு அடிக்குப் போகிற காற்றின் அளவு குறையும். அதனால்தான் நான்காவது டயருக்கு முதல் டயரைவிட நேரம் அதிகம் எடுக்கிறது. எத்தனை நிமிடம் ஓட்டலாம், எத்தனை நிமிடம் ஆறவிட வேண்டும் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். அப்படி ஒரு வரியே இல்லாத மிஷினை நான் வாங்க மாட்டேன். ஹோஸின் நுனியில் இருக்கும் பித்தளைத் திருகு நன்றாகச் சுடும். கழற்றும்போது துணியால் பிடியுங்கள்.

பெட்டி மேல் கொட்டை எழுத்தில் 150 பி.எஸ்.ஐ. என்று இருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். காருக்கு 30 சொச்சம், ஸ்கூட்டருக்கும் பைக்குக்கும் 20-களின் நடுவிலிருந்து 30-களின் நடுவு வரை, சைக்கிளுக்கு 40 முதல் 65. இதற்கு மேல் நம் வீட்டில் எதற்கு? பார்க்க வேண்டியது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று என்பது. ஒரு கார் டயர் ஏறக்குறைய 30 லிட்டர் கொள்ளும். 22-லிருந்து 33-க்கு ஏற்ற, வெளிக்காற்று சுமார் 22 லிட்டர் உள்ளே போக வேண்டும். நிமிடத்துக்கு 10 லிட்டர் தருகிற மிஷின் என்றால் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். முழுக்க இறங்கிய டயர் என்றால் அதைப் போல மூன்று மடங்கு.

பேட்டரியில் எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி) எண்ணை நம்பாதீர்கள். 2,000 எம்.ஏ.எச். செல் இரண்டை வரிசையாக இணைத்துவிட்டு, கூட்டி 4,000 என்று போடுகிற பெட்டிகள் உண்டு. வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கி வாட்-மணி எவ்வளவு என்று பாருங்கள். 7.4 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் 14.8 வாட்-மணி. நான்கு டயருக்கும் ஐந்தாறு பி.எஸ்.ஐ. ஏற்றிக்கொள்ள இது போதும். தட்டையான கார் டயர் ஒன்றே அதில் பாதியைத் தின்றுவிடும்.

மிஷினில் இருக்கும் அழுத்தமானி பெரும்பாலும் சிலிக்கான் சில்லுதான். மெல்லிய சிலிக்கான் தகடு வளையும்போது அதன் மின்தடை மாறும். 1954-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் ஸ்மித் அளந்து சொன்ன விளைவு இது. மிஷின் ஓடும்போது அது காட்டுவது பம்ப் முனையின் அழுத்தம். நின்ற பிறகு காட்டுவதே டயருடையது. மதுரையிலிருந்து ஓட்டி வந்த சூட்டோடு பாம்பனில் நிறுத்தி அழுத்தம் பார்த்துவிட்டு, அதிகமாயிருக்கிறதே என்று காற்றை இறக்காதீர்கள். உள்ளே 10 டிகிரி ஏறினாலே ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடிவிடும். காலையில், வண்டி எடுப்பதற்கு முன் பாருங்கள்.

இடையில் ஒரு வார்த்தை. புது வண்டி எடுத்ததும் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோம். வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வழக்கு இல்லை. ஆனால் பழம் வைக்கக் குனிகிறவர் அப்படியே வால்வு மூடியைத் திருகி அழுத்தத்தையும் பார்த்துவிட்டு எழுந்தால் டயர் வெடிக்கிற வாய்ப்பு குறையும். டயருக்குக் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடிப்பதும் ஏறக்குறைய இந்த ரகம்தான். காற்றில் 78 சதவீதம் ஏற்கெனவே நைட்ரஜன். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், அழுத்தினால் டயருக்குள் சில துளி நீராகப் படியும், நைட்ரஜன் வறண்டது என்ற அளவில் மட்டும் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது.

நம் கரையில் இந்த மிஷினுக்கு உண்மையான எதிரி உப்பு. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் ஒரு கிளை வைத்து, உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்தி, எவ்வளவு அரிக்கிறது என்று அளந்து வந்திருக்கிறது. தகட்டை வைப்பது, மாதக் கணக்கில் காத்திருப்பது, எடுத்து எடை போடுவது. தலைப்புச் செய்தி ஆகாத வேலை. ஆனால் பாலத்துக்கும் படகுக்கும் எந்தப் பூச்சு நிற்கும் என்று தெரிவது இப்படித்தான். லித்தியம் பேட்டரி ஆய்வும் அதே நிறுவனத்தில் நடக்கிறது. துருப்பிடிப்பதும் பேட்டரி ஓடுவதும் அடிப்படையில் ஒரே வேதியியல். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்துக் காரைக்குடிக்குக் கொண்டுவந்த ஆய்வகம் அது. இது மாதிரி பொறுமையான வேலைக்குக் காசு ஒதுக்கும்போது கை நடுங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஆகவே ஹோஸ் முனை பித்தளையாக இருக்கட்டும். மிஷினை காரின் டிக்கியிலேயே மாதக் கணக்கில் போட்டு வைக்காதீர்கள். வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் அடிக்கும் சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். பாதி சார்ஜில் வீட்டுக்குள் வைத்து, பயணத்தின்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் சைக்கிள், வால்வில் சின்ன ரப்பர் குழாய் மாட்டுகிற பழைய வால்டியூப் வகையா என்று முதலில் பாருங்கள். இந்த மிஷின்களின் ஹோஸ் கார், பைக் வால்வுக்குத்தான் நேராகத் திருகும். வால்டியூப் வால்வுக்குத் தனி முனை வேண்டும், கூட வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். பந்துக்கு ஊசி கூடவே வரும். காற்று மெத்தைக்கு இது லாயக்கில்லை. மெத்தைக்கு வேண்டியது அழுத்தம் இல்லை, ஏராளமான காற்று. அதற்கு ஊதுகிற விசிறி வகைதான் சரி.

அப்புறம் அந்தக் கருவேல முள். டியூப்லெஸ் டயரில் குத்தியிருப்பது கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே பிடுங்கிவிடாதீர்கள். முள் இருக்கும் வரை அதுவே ஓரளவு அடைப்பு, காற்று மெதுவாகத்தான் கசியும். 33 வரை ஏற்றிக்கொண்டு, மெதுவாக ஓட்டி, பஞ்சர் கடையில் போய்ப் பிடுங்கச் சொல்லுங்கள்.