‘கட்டளை உடனடி’யா, ஏவற்குறியா?

பழைய மடிக்கணினியில் ஃபிரீடாஸ் ஏற்றிக் கடைக் கணக்கும் கடிதமும் பார்க்கிற நண்பர்கள் சிலர் எனக்குக் கோலாலம்பூரில் உண்டு. டாஸ் என்பது கட்டளைகளைத் தட்டி இயக்கும் பழைய இயங்குதளம். ஜிம் ஹால் 1994இல் தொடங்கிய இந்த இலவச டாஸ் இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. நல்லதுதான். ஆனால் அவர்களிடையே சுற்றும் தமிழ்க் கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் “கட்டளை உடனடியில் தட்டுக” என்று இருக்கிறது. உடனடி மீ தெரியும், உடனடி காப்பி தெரியும். இது என்ன பண்டம்?

கட்டளையை எதிர்பார்த்துத் திரையில் நிற்கும் குறியான ‘கமாண்ட் பிராம்ப்ட்’தான் இப்படி ஆகியிருக்கிறது. பிராம்ப்ட்டின் வேர் ‘வெளியே எடு’ எனப் பொருள்படும் இலத்தீன் வினை. ‘தாமதமில்லாத’ என்பது அதன் ஒரு கிளை. வசனம் மறந்த நடிகருக்கு மறைவிலிருந்து எடுத்துக் கொடுப்பது இன்னொரு கிளை. கணினிக்குப் பொருந்துவது பின்னது. மொழிபெயர்த்தவர், அல்லது அவருக்காக மொழிபெயர்த்த இயந்திரம், முன்னதைப் பிடித்துக்கொண்டது.

சரி, இதைத் திருத்துவது எளிது. எனக்குப் பெரிய வழக்கு ‘தூண்டி’யோடுதான். பிராம்ப்ட்டுக்குத் தனித்தமிழ் அன்பர்கள் விரும்பிச் சொல்லும் சொல் அது. திரையைப் பாருங்கள்: சி:\> என்று ஒரு குறி, பக்கத்தில் மினுக்கும் சிறுகோடு. ‘சி வட்டில் இருக்கிறேன், என்ன செய்யட்டும்?’ என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. நாம் தட்டும்வரை நாள் முழுக்கச் சும்மா நிற்கும். இதில் யார் யாரைத் தூண்டுகிறார்கள்? கோபத்தைத் தூண்டலாம், விளக்குத் திரியைத் தூண்டலாம். இயற்பியல் பாடத்தில் மின்தூண்டல் வேறு இருக்கிறது. போதாததற்கு, கைதவறி ஓர் ‘ல்’ சேர்ந்தால் மீன்பிடிக்கப் போக வேண்டியதுதான்.

நான் ‘ஏவற்குறி’ என்பேன். பள்ளி இலக்கணத்தில் படித்த ஏவல் வினைதான். போ, வா, எடு என்று வினையடியே ஏவலாக நிற்பது தமிழின் வழக்கம். டாஸும் அப்படித்தான்: ‘காப்பி’ என்றால் படியெடு, ‘டெல்’ என்றால் அழி. ‘தயவுசெய்து’வுக்கு அங்கே இடமில்லை. அந்த ஏவலுக்காகக் காத்திருக்கும் குறி ஏவற்குறி. ஏவல் என்றால் பில்லி சூனியம் ஆயிற்றே என்று ஒரு நண்பர் மிரண்டார். அந்தப் பொருளும் உண்டு, மறுக்கவில்லை. அதற்காக இலக்கண நூலைத் தாயத்துக் கட்டியா படிக்கிறோம்?

‘இணையம்’ என்ற அழகான சொல்லைப் பக்கத்துச் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி ஆக்கித் தந்தார். அதைக் கேட்டதும் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. இப்போதோ இயந்திரம் துப்புவதை வாசித்துக்கூடப் பார்க்காமல் ஒட்டிவிடுகிறார்கள். செயற்கை நுண்ணறிவு வந்தபின், அதற்குச் சரியாக எழுதிக் கேட்கும் கலையான ‘பிராம்ப்ட் எஞ்சினியரிங்’ என்பதற்கு ‘உடனடி பொறியியல்’ என்றும் ஒன்று கிளம்பியிருக்கிறது. ஒற்றும் இல்லை, பொருளும் இல்லை. டாஸில் பிராம்ப்ட் கணினி காட்டுவது, இங்கே மனிதர் எழுதிக் கொடுப்பது. ஆகவே இதற்குக் குறி வேண்டாம், ‘ஏவல்’ மட்டும் போதும்.