பெரியவர்களைக் கடைசிப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள்

இந்த மாதமும் அதே வரியோடு ஓர் ஆய்வுத் திட்டம் மதிப்பீட்டுக்கு வந்தது. ஆர்க்டிக் கடல்பனி, செயற்கைக்கோள் படங்கள், கணினிக் கணக்கு என்று முன்பகுதி கச்சிதம். கடைசிப் பக்கத்தில், ‘பழங்குடியினரின் நம்பிக்கைகளை அறிவியல்பூர்வமாகச் சரிபார்ப்போம்’. எத்தனை முறை அடித்தாலும் இந்த வரி சாகமாட்டேன் என்கிறது.

தப்பான பனியில் கால் வைத்தால் உயிர் போகும் ஊரில், தலைமுறை தலைமுறையாக வேட்டைக்குப் போய்த் திரும்பியவர்கள் சொல்வது வெறும் நம்பிக்கையா?

1977-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அலாஸ்காவின் வடகோடிக் கடலில் போஹெட் திமிங்கலங்கள் ஓரிரு ஆயிரத்துக்கு மேல் இல்லை என்று விஞ்ஞானிகள் கணக்குச் சொல்ல, சர்வதேசத் திமிங்கல ஆணையம் அங்குள்ள பூர்வகுடிகளான இனூப்பியாட் மக்களின் வேட்டைக்குத் தடை போட்டது. பனி விளிம்பில் உட்கார்ந்து, திறந்த நீரில் கண்ணில் பட்டவற்றை எண்ணிய கணக்கு அது. ‘பனிக்கு அடியிலும் போகும், தலையால் முட்டி உடைத்து மூச்சு விடும், கரைக்கு வெகுதூரத்திலும் போகும்’ என்றார்கள் வேட்டைக்காரர்கள். 1980-களில் நீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கினார்கள். பார்வைக்குச் சிக்காமல் கடந்துபோன திமிங்கலங்களின் குரல்கள் கேட்டன. 2001 கணக்கெடுப்பில் எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டியது. (இடையில் இனமும் பெருகியிருந்தது, வித்தியாசம் முழுவதும் பழைய கணக்கின் பிழை இல்லை. இதைச் சொல்லாவிட்டால் சக ஆய்வாளர்கள் சண்டைக்கு வருவார்கள்.) எங்கே காது வைக்க வேண்டும் என்று காட்டியவர்கள் அந்த வேட்டைக்காரர்கள். அவர்களைக் கேட்காமல் கருவியை எங்கே இறக்குவீர்கள்?

கனடாவின் நுனாவுட்டில், பேக்கர் லேக் ஊரின் பூர்வகுடிகளான இனுயிட் பெரியவர்கள் வானிலையை முன்போல் கணிக்க முடியவில்லை என்றார்கள். சராசரி வெப்பநிலையில் தேடினால் அது எப்படிக் கிடைக்கும்? நேற்றைய வானிலை இன்றும் நீடிக்கிறதா என்று பார்த்த 2010 ஆய்வில், வசந்தத்தின் பிற்பகுதியில் மாற்றம் தெரிந்தது.

சரி, ஆர்க்டிக் ஆய்வுக்குக் கிளம்பப்போகும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். நுனாவுட்டில் ஆய்வு உரிமம் வாங்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். இந்தியாவின் ஆர்க்டிக் ஆய்வு நிலையமான ஹிமாத்ரி இருக்கும் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் பூர்வகுடிகள் கிடையாது. அங்கே போய்வந்து ‘ஆர்க்டிக் பழங்குடியினரோடு பழகினேன்’ என்று எழுத வேண்டாம். கேள்வியை முடிவுசெய்யும் முன்பே ஊராரோடு பேசுங்கள். வழிகாட்டிக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் கூலியை முதலிலேயே பட்ஜெட்டில் போடுங்கள். அப்புறம், தயவுசெய்து, முடிவுகளை அவர்கள் மொழியில் அவர்களிடம் கொடுத்துவிட்டு ஊர் திரும்புங்கள்.